அவளுக்கு முன்னால் ஓடுகிறவள்

ஜனவரி 6

இரண்டு வருடத் தடை நேற்றோடு முடிந்தது. இன்று காலை ஆறு மணிக்கு எங்கள் மலையூர் இட்டென் முக்கில் போய் நின்றேன். நாற்பது பேர் இருந்திருப்பார்கள், பாதி முகம் புதுசு. பழைய முகங்களெல்லாம் குனிந்து ஷூ லேசைக் கட்டிக்கொண்டிருந்தன. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் லேஸ் அவிழ்ந்துவிட்டது போல. கோச் செபோய் மட்டும் வாயைத் திறந்தார். "வந்துட்டியா? இன்னைக்கு மெதுவாத்தான். பின்னாலயே வா."

பின்னாலேயே ஓடினேன். நாற்பது பேர் கிளப்பிய செம்மண் முழுவதையும் நான்தான் தின்றேன். முன்வரிசையில் ஜெமெலியின் மஞ்சள் சட்டை கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. முடிந்ததும் அவளே வந்தாள், கையை நீட்டினாள். "மெலிஞ்சுட்ட ஜெரோ," என்றாள். கையைக் கொடுத்தேன். கையை மட்டும்தான்.

வீட்டு வாசலில் தனுய் தன் வாடகை பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். "எப்படிப் போச்சு?" என்றான்.

"பிடிச்சிருவேன்."

யாரை என்று அவன் கேட்கவில்லை. என்னோடு குடித்தனம் நடத்துகிறவனுக்குத் தெரியாதா?

ஜனவரி 9

எழுதி வைக்கிறேன். ஆறிவிடக் கூடாது என்பதற்காக.

எங்களைப் போல் ஓடுகிறவர்கள் தினமும் ஒரு மணி நேரம் எங்கே இருப்போம் என்று முன்கூட்டியே ஃபோனில் பதிந்துவைக்க வேண்டும். ஊக்கமருந்து சோதனைக்காரர்கள் சொல்லாமல் கொள்ளாமல் அந்த நேரத்துக்கு வந்து கதவைத் தட்டுவார்கள். ஒரே வருடத்தில் மூன்று முறை ஆள் இல்லையென்றால் தடை. மருந்து தின்றாயா இல்லையா என்றெல்லாம் கேள்வியே கிடையாது. இரண்டு முறை விழுந்தது என் அசட்டையால்தான், அதற்கு யாரையும் சொல்லவில்லை.

மூன்றாவது அப்படியா? பள்ளத்தாக்கிலிருந்து ஆள் ஓடிவருகிறான், அம்மாவுக்கு மூச்சு முட்டுகிறது என்று. என் ஃபோன் ரிப்பேர் கடையில் கிடக்கிறது. கீழே டவரும் கிடையாது. நானும் ஜெமெலியும் அப்போது பயிற்சி முகாமில் ஒரே அறை. பாஸ்வேர்டை அவளிடம் சொல்லி, "நாளைக்கு நான் அம்மா வீட்லன்னு மாத்திடுடி," என்றேன். "நீ போ. நான் பாத்துக்கறேன்." இதுதான் அவள் சொன்னது.

மறுநாள் அவர்கள் இட்டென் முகாம் கதவைத் தட்டினார்கள். நான் அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன்.

கேட்டால், "டவர் கிடைக்கல ஜெரோ, சத்தியமா," என்றாள். அப்படியா? நான் கிளம்பிப்போன அன்று சாயங்காலம் அவள் ஆட்டுக்கறி கடிக்கிற படம் தனுயின் ஃபோனுக்கு வந்திருந்ததே! கறிக்குக் கிடைத்த டவர் எனக்குக் கிடைக்கவில்லையாம். அந்த வருடம் எனக்கென்று வைத்திருந்த பந்தய இடம் யாருக்குப் போனது? கேட்கவே வேண்டாம். அங்கே ஓடி இரண்டாவதாக வந்தாள். அதிலிருந்துதான் அவள் ஜெமெலி. நான், "மருந்து கேசுல மாட்டுன அந்தப் பொண்ணு".

ஜனவரி 24

இன்று நடுவரிசை. தூசி பாதிதான்.

பிப்ரவரி 4

ஓட்டம் முடிந்து எல்லோரும் டீக்கடை வாசலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தபோது செபோய் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஏப்ரல்ல ஹானோவர் மாரத்தான். ஜெமெலிக்கு முன்னால ஓடிக் குடுக்க ஆள் வேணும். முப்பது கிலோமீட்டர் வரைக்கும். அப்புறம் நீ ஒதுங்கிக்கலாம்."

பேஸர் வேலை. முன்னால் ஓடிக் காற்றை நம் நெஞ்சில் வாங்க வேண்டும், சொன்ன வேகத்தை ஒரு நூல் பிசகாமல் பிடிக்க வேண்டும். பிறகு ஓரமாக ஒதுங்கி, பின்னால் வந்தவள் ஜெயிக்கப் போவதைப் பார்க்க வேண்டும். அதுவும் அவளுக்கு! வாயில் வந்ததைக் கேட்டுவிட்டேன்: "ஊர்ல வேற பொம்பளையே இல்லையா?"

"அவதான் உன்னைக் கேட்டா. உன் குதிகாலைப் பாத்துட்டே ஓடினா கடிகாரமே வேணாங்கறா. நீங்க ஒண்ணா ஓடின காலத்துப் பழக்கம்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இப்போதைக்கு உனக்கு வேற எந்த மேனேஜரும் இடம் தரமாட்டான் ஜெரோ. யோசிச்சுச் சொல்லு."

என்ன நெஞ்சழுத்தம் அவளுக்கு. என் இடத்தை எடுத்தாள், இப்போது என் குதிகாலும் வேண்டுமாம்.

பிப்ரவரி 5

ராத்திரி முழுக்கப் புரண்டேன். விடியும்போது சிரிப்பு வந்தது. தனுய் பயந்துபோய் எழுந்து உட்கார்ந்தான்.

ஒரு மாரத்தான்காரியைக் கொல்ல கத்தி வேண்டாம், விஷம் வேண்டாம். முதல் பாதியைக் கொஞ்சம், கொஞ்சமே கொஞ்சம் வேகமாக இழுத்துவிட்டால் போதும். இருபத்தைந்து வரை ஒன்றும் தெரியாது. அதற்கப்புறம் கால் இரண்டும் மரக்கட்டை. டிவி வண்டி பக்கத்திலேயே வரும். உலகமே பார்க்கும்.

செபோயிடம் சரி என்று சொல்லிவிட்டேன். தனுயிடம் விஷயத்தைச் சொன்னபோது உருளைக்கிழங்கு உரிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். "ஏம்மா, நீ வேலைக்குப் போறியா, வேட்டைக்குப் போறியா?"

"ரெண்டும்தான்."

"அவளைச் சாகடிக்கிற வேகத்துல ஓடணும்னா, முதல்ல நீ சாகாம இருக்கணுமே."

அதுதான் சிக்கல். அவளை உடைக்க வேண்டுமென்றால் நான் அவளைவிட நன்றாக ஓட வேண்டும். இருக்கிறது இன்னும் இரண்டு மாதம்.

பிப்ரவரி 19

மேட்டு ஓட்டம். வாந்தி. மறுபடி மேடு.

மார்ச் 2

மொய்பென் சாலையில் நீள ஓட்டம். நானும் ஜெமெலியும் ஆண்கள் கூட்டத்தோடு. பின்னால் செபோயின் வண்டி. கடைசி எட்டு கிலோமீட்டர் நான் முன்னால், அவள் பின்னால். அவள் மூச்சை எண்ணிக்கொண்டே ஓடினேன். அவள் மூச்சு எனக்கு மனப்பாடம். ஒரே அறையில் தூங்கியிருக்கிறோம், அவள் குறட்டைகூட மனப்பாடம். களைத்தால் நாக்கை மேலண்ணத்தில் தட்டுவாள், தனக்கே தெரியாமல். டொக், டொக். இன்று தட்டவில்லை. நல்ல ஃபார்மில்தான் இருக்கிறாள்.

முடிந்ததும் தன் தண்ணீரில் பாதியை நீட்டினாள். "அம்மா எப்படி இருக்காங்க ஜெரோ?"

"இருக்காங்க."

"நான் ஒருநாள் வந்து பாக்கணும்."

தண்ணீரைக் குடித்தேன். தாகம். வேறு ஒன்றுமில்லை.

மார்ச் 17

செபோய் ஓட்டக் கடிகாரத்தை இரண்டு தடவை தட்டிப் பார்த்தார், கெட்டுப்போயிருக்கும் என்று. "நீ என்னடி தின்னுட்டு ஓடற?" என்றார். கேட்ட பிறகுதான் அந்தக் கேள்வி எனக்கு எப்படிக் கேட்கும் என்று அவருக்கு உறைத்தது. முகம் சுருங்கிவிட்டது, பாவம்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். களியும் கீரையும் அவளும். மூன்று வேளையும் அவளைத்தான் தின்கிறேன்.

ஏப்ரல் 10, ஹானோவர்

ஒரே அறையில் போட்டுவிட்டார்கள்! கட்டில்கள்கூட ஒட்டித்தான் கிடந்தன. நான் வந்ததும் என்னுடையதை ஜன்னல் பக்கம் இழுத்தேன். அவள் பெட்டியிலிருந்து சின்ன மின்னடுப்பையும் மக்காச்சோள மாவையும் எடுத்து, குளியலறையில் வைத்துக் களி கிண்டினாள். வாசனை வராமல் இருக்க வாசலில் ஈரத்துண்டை வைத்தாள். இருவருக்குமாகக் கிண்டியிருந்தாள். அது நன்றாகவே இருந்தது என்பதுதான் எனக்கு எரிச்சல்.

இங்கே குளிர் பல்லைக் கிட்டிக்க வைக்கிறது.

ஏப்ரல் 11

பந்தயப் பாதையில் வைக்கப் போகிற பாட்டில்களுக்கு ஜெமெலி சிவப்புக் கம்பளி நூல் கட்டினாள். தூரத்திலிருந்தே தன்னுடையது எது என்று தெரிய வேண்டுமே. "ஒரு கை பிடி ஜெரோ," என்றாள். பிடித்தேன். நாலு முடிச்சு நான் போட்டேன்.

முடிச்சைத் தளர்வாகப் போட்டிருக்கலாம். காற்றில் நூல் போயிருக்கும், மேசையில் பாட்டிலைத் தேடித் தடுமாறியிருப்பாள். யோசிக்காமல் இல்லை. ஆனால் தண்ணீர் கிடைக்காமல் விழுந்தால் பழி தண்ணீர் மேல் போய்விடும். அது என் மேல்தான் வர வேண்டும். இறுக்கமாகவே போட்டேன்.

ஏப்ரல் 13

முடிந்தது.

வரிசையாக எழுதுகிறேன்.

முதல் ஐந்து கிலோமீட்டர் ஒழுங்காக. பிறகு ஏற்ற ஆரம்பித்தேன். வேகத்தைக் கூட்டுவது தெரியாமல் கூட்டினேன், பால் பொங்குகிற மாதிரி. பத்தில் எங்களோடு இரண்டு எத்தியோப்பியப் பெண்கள் மட்டும். பதினைந்தில் அவர்களும் தலையை ஆட்டிவிட்டுப் பின்தங்கினார்கள். புத்திசாலிகள். முன்னால் போன வண்டியில் பெரிய கடிகாரம் இருக்கிறது, யாருக்கும் பார்த்தாலே புரியும். ஜெமெலிக்கும் புரிந்தது. பக்கத்தில் வந்தாள்.

"ஜெரோ. வேகம் அதிகம்."

"முடியலைன்னா சொல்லு, குறைக்கறேன்."

அவளைத் தெரிந்துதான் சொன்னேன். அவள் பல்லைக் கடித்தாள். "முடியலைன்னு நான் எப்பவாவது சொல்லியிருக்கேனா?" மறுபடி என் முதுகுக்குப் பின்னால் போய்விட்டாள். இந்த வீம்பு இல்லையென்றால் அவளும் அந்த எத்தியோப்பியப் பெண்களைப் போல் மெதுவாக வந்து ஜெயித்திருப்பாள்.

இருபத்து நாலில் கேட்டது. டொக். டொக். இன்னும் இழுத்தேன். இருபத்தேழில் அந்தச் சத்தம் நின்றுவிட்டது. பேஸர் திரும்பிப் பார்க்கக் கூடாது, திரும்பினேன். தெருவோரத் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்கிறாள். யாரோ ஒரு ஜெர்மன் கிழவர் அவள் தோளில் தன் கோட்டைப் போர்த்துகிறார்.

இரண்டு வருடம் இந்தக் காட்சிக்காகத்தான் மூச்சு விட்டேன். நன்றாகத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், நன்றாக இருந்தது.

முப்பது வந்தது. ஒதுங்க வேண்டிய இடம். ஒதுங்கவில்லை. பேஸர் முழுக்க ஓடி முடித்தாலும் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள், சட்டம் உண்டு. யாருக்காக நான் ஒதுங்க வேண்டும்? அப்படியே போனேன். முப்பத்தைந்து வரை ராணி மாதிரி. அப்புறம் என்ன ஆயிற்றோ, கால் ஓய்ந்துவிட்டது. பின்னால் அவள் மூச்சு இல்லை. துரத்தவும் ஆளில்லை, இழுக்கவும் ஆளில்லை. அந்த எத்தியோப்பியப் பெண்கள் ஒருவர் பின் ஒருவராக என்னைத் தாண்டிப் போனார்கள். மூன்றாவதாக வந்து விழுந்தேன்.

ஜெமெலியின் மேனேஜர் யோஸ்ட், வெள்ளைக்காரன், திட்டுவானென்று பார்த்தால் கட்டிப்பிடித்துக்கொண்டான். அவனுக்கு எந்தக் குதிரை ஓடினால் என்ன?

அறைக்கு வந்தால் ஜெமெலி போர்வைக்குள். முகம் சுவரைப் பார்த்து. தூங்கவில்லை என்று மூச்சிலேயே தெரிந்தது.

ஏப்ரல் 15

எல்டோரெட் விமான நிலையம். ஜெமெலியின் அம்மா பள்ளத்தாக்கிலிருந்து ஏறி வந்து காத்திருந்தாள். கையில் சுரைக்குடுவை நிறையப் பால், குடுவையின் உட்புறம் கரி தேய்த்துப் புளிக்கவைத்தது. ஜெயித்து வருகிறவர்களுக்குக் கொடுப்பது. நாங்கள் விமானம் ஏறும் முன்பே உறை ஊற்றி வைத்திருப்பாள், ஹானோவரில் என்ன நடந்தது என்று எந்தப் பாலுக்குத் தெரியும்?

அம்மா குடுவையை மகளிடம் நீட்டினாள். ஜெமெலி வாங்கவில்லை. "ஓடி முடிச்சவ அவதாம்மா. அவளுக்குக் குடு."

அந்த அம்மா குடுவையோடு என் பக்கம் வந்தாள். பால் மறுக்கக்கூடிய விஷயமில்லை, எதிரி கொடுத்தாலும். இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தேன்.

"கரி கொஞ்சம் தூக்கலாப் போட்டுட்டேன்," என்றாள். "கசக்குதா?"

"இல்லம்மா."

கசந்தது. அடிவரை குடித்தேன்.

ஏப்ரல் 22

டீக்கடையில் பேசிக்கொள்கிறார்கள். காதில் விழட்டும் என்றே பேசுகிறார்கள். "பேஸர் குழப்பிட்டாப்பா. ஒழுங்கா இழுத்திருந்தா ஜெமெலிதான் ஜெயிச்சிருப்பா."

அப்போ நான் அவளைத் தோற்கடிக்கவில்லை! குழப்பினேனாம்! இரண்டு மாதம் வாந்தி எடுத்து மேடு ஏறினேன். ஊர் கண்ணுக்கு நான் பேஸர் வேலை தெரியாதவள், அவள் பாவப்பட்டவள். செய்ததெல்லாம் அவளுக்கே லாபமாகிவிட்டது.

மே 30

ஜெமெலி குழுவுக்கு வருகிறாள், போகிறாள். பேசுவதில்லை. நானும்தான்.

ஜூன் 14

மத்தியானம் ஜெமெலி கேட்டைத் திறந்துகொண்டு வந்தாள். செருப்பு ஒரு காலில்தான் இருந்தது.

விடியற்காலையில் பள்ளத்தாக்கில் மாட்டுக் கொள்ளை. அவள் வீட்டு மாடு அத்தனையும் ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். தடுக்கப் போன அண்ணனுக்குக் குண்டு. உயிர் இருக்கிறதா என்றுகூட வந்தவனுக்குத் தெரியவில்லை. கீழே போகும் வண்டி முக்கில் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தது.

"ஜெரோ, எனக்கு ரெண்டு விழுந்துருச்சு இந்த வருஷம்," என்றாள். சோதனைக்காரர்கள் வந்து ஆளில்லாமல் திரும்பியதைச் சொல்கிறாள். இன்னும் ஒன்று விழுந்தால் முடிந்தது. "நாளைக்குக் காலையில நான் எங்க இருப்பேன்னு கீழ போனாத்தான் தெரியும். அண்ணனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவாங்களோ, வீட்லயே வெச்சிருப்பாங்களோ. டிரைவர்கிட்ட சொல்லியனுப்பறேன். நீ மாத்திடு." தன் ஃபோனை என் கையில் திணித்தாள். "பாஸ்வேர்டு செலெல். எங்க வெள்ளை மாடு." அந்த மாடும்தான் போய்விட்டது.

"ஊர்ல இத்தனை பேர் இருக்கும்போது ஏன் என்கிட்ட வர்ற?"

அவள் என்னை நேராகப் பார்த்தாள். "நீ மாத்தினா நல்லது. மாத்தலைன்னா... நேராயிடும்ல. உனக்கும் எனக்கும்."

கேட்டே விட்டேன். "அன்னைக்கு டவர் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"இருந்துச்சு?"

"கையிலதான் இருந்துச்சு ஃபோன். பாத்துட்டே உக்காந்திருந்தேன். நீ ஓடலைன்னா உன் இடம் எனக்குத்தான் வரும்னு செபோய் சொல்லியிருந்தார்."

ஹார்ன் மறுபடி. ஓடிவிட்டாள். அறைந்திருக்க வேண்டும். அவளைப் பிடித்து நிறுத்தி, அந்த வண்டி போன பிறகு அறைந்திருக்க வேண்டும். கை வரவில்லை. இத்தனை நாள் நிச்சயமாகத் தெரிந்த விஷயம்தான், அவள் வாயால் கேட்கும்போது ஏன் இப்படி வலிக்கிறது?

சாயங்காலம் டிரைவர் வந்து சொல்லிவிட்டுப் போனார். அண்ணனுக்குத் தொடையில்தான், பிழைத்துக்கொள்வான். ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை, மலைச்சாலை மழையில் சரிந்துவிட்டது, கடைசியாக மேலே வந்தது இவர் வண்டிதானாம். "ஜெமெலி தோட் ஊர்ல அம்மா வீட்லதான்னு சொல்லச் சொன்னா."

ஃபோன் என் முன்னால் மேசையில் இருக்கிறது. டவர் முழுசாகக் காட்டுகிறது. நான் ஒன்றுமே செய்ய வேண்டாம். டீ குடித்தால் போதும். டீ குடித்துவிட்டுப் படுத்தால், விடிந்ததும் சோதனைக்காரர்கள் வந்து தட்டினால், இரண்டு வருடத்துக்கு ஜெமெலி இல்லை. ஹானோவரில் செய்ததைவிடச் சுத்தமான வேலை, பழிசொல்ல ஆளும் கிடையாது.

தனுய் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டான்.

டீ ஆறிக்கொண்டிருக்கிறது.

ஜூன் 15

விடிவதற்கு முன் வாசலில் கார். சோதனைக்காரர் ஒருவர், கூட மாதிரி எடுக்கும் பெண் ஒருத்தி. தோட் என்று பதிந்திருப்பதைப் பார்த்து, சாலை சரிந்த இடம் வரை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். தோட் ஊருக்கு வேறு வழி உண்டா, வாடகை பைக் ஓட்டுகிறவர் வீடு இதுதானா என்று கேட்டார்கள்.

தனுய் அந்தப் பெண்ணைத் தன் பைக்கில் ஏற்றிக்கொண்டான். மற்றவரைத் தம்பியின் பைக்கில். கிளப்பும் முன் என்னைப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, "மெதுவாப் போகட்டுமா?" என்றான். நேரம் தாண்டினால் என்ன ஆகும் என்று அவனுக்கும் தெரியும்.

"வேகமாப் போ," என்றேன்.

ஜூலை 3

ஜெமெலி திரும்பிவந்தாள். அண்ணன் கம்பு ஊன்றி நடக்கிறானாம். மாடுகளில் பாதி கிடைத்தது, செலெல் கிடைக்கவில்லை.

ஃபோனைத் திருப்பிக் கொடுத்தேன். நன்றி சொல்ல வாயெடுத்தாள். "வேண்டாம்," என்றேன். "நேராயிடும்னு பாத்தியா? அவ்வளவு சுலபமா விட்டுருவேனா உன்னை? நீ தடையில வீட்ல படுத்திருந்தா நான் யாரை ஜெயிக்கிறது?"

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "பேஸர் இல்லாமலா?" என்றாள்.

"பேஸர் இல்லாம."

யோஸ்ட் அக்டோபரில் எனக்கு இடம் கொடுத்திருக்கிறான், யாருக்கும் முன்னால் ஓடிக் கொடுக்க இல்லை, எனக்காக. ஜெமெலியும் அதே பந்தயத்தில்தானா என்று இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன். அதேதான்.

நாளை நீள ஓட்டம். காலை ஆறு மணி, முக்கில். கடைசி எட்டு கிலோமீட்டர் அவள் முன்னால் போகிறாளாம். போகட்டும். அந்தக் குதிகாலை நான் பின்னாலிருந்து நன்றாகப் பார்க்க வேண்டும்.